கூரையில் பனிச்சறுக்கு, கீழே குப்பை உலை: குப்பை குறைந்துவிட்டால் அந்தக் குன்று என்ன ஆகும்?

கேள்வி
எழுதியவர்: வரைபட_வாத்தியார், கோவை

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் கட்டட வரைபடப் பாடம் நடத்துகிறேன். சென்ற வாரம் தொழிற்சாலைக் கட்டடங்களைப் பற்றிய வகுப்பில், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள அமாகர் பக்கே என்னும் குப்பை எரிக்கும் ஆலையின் படங்களைத் திரையில் காட்டினேன். கட்டடக்கலைஞர் பியார்கே இங்கெல்ஸின் நிறுவனம் வடிவமைத்த அந்த ஆலை 2017இல் எரிக்கத் தொடங்கியது. அதன் சாய்ந்த கூரை 2019 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2021இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதையும் அது பெற்றது. உள்ளே நகரத்துக் குப்பை எரிந்து மின்சாரமாகவும் வெந்நீராகவும் மாறிக்கொண்டிருக்க, மேலே ஒருவர் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார், சுவரில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்து ஏறுகிறார், செடிகளுக்கு நடுவே ஒரு குடும்பம் உட்கார்ந்து தின்பண்டம் சாப்பிடுகிறது.

மாணவர்கள் வியப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், வியக்கத்தான் செய்தார்கள். ஆனால் கடைசி வரிசையில் வழக்கமாக வாயே திறக்காத ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, ஆலை அவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்றால் அதன்மேல் விளையாட்டுத் திடல் எதற்கு? அதுவும் போகட்டும், அந்த ஊர்க்காரர்கள் குப்பையைக் குறைத்துவிட்டால் இந்த மலையை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வியன்னாவில் ஸ்பிட்டெலாவ் என்னும் குப்பை ஆலை 1987இல் தீப்பிடித்தபின், ஓவியர் ஹுண்டர்ட்வாசர் அதற்குத் தங்க நிற உருண்டையும் வண்ணத் தூண்களும் வைத்து அழகுபடுத்திய கதையை நான் அறிவேன். அமாகர் பக்கேவும் அத்தகைய ஒப்பனைதானா, அல்லது கூரைக்கும் கீழே ஓடும் எந்திரங்களுக்கும் மெய்யான தொடர்பு இருக்கிறதா? கொதிகலனுக்கு மேலே நின்று மூச்சு விடுவது பாதுகாப்பானதா? இவற்றோடு அந்த மாணவரின் கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன். அங்கே சென்று பார்த்தவர்களோ, கொதிகலன் துறையில் பணிபுரிகிறவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1
எழுதியவர்: வடகடல்_வாசி, டென்மார்க்

வணக்கம் ஆசிரியரே. நான் எண்பதுகளில் இலங்கையிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவன். எம்மவர்களில் பலர் யூற்லாந்துச் சிற்றூர்களில் குடியமர, நான் வேலை நிமித்தம் தலைநகருக்கு மாறிவிட்டேன். அந்தக் குன்றுக்கு என் பேரப்பிள்ளைகளோடு பலமுறை போய்வந்திருக்கிறேன் என்பதால், கண்ணால் கண்டதை முதலில் சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். அமாகர் என்று எழுதினாலும் இங்கே வாயில் வருவது ஏறக்குறைய "அமா" என்பதுதான். பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் "ஆமா" என்றே காதில் விழும். பக்கே என்றால் குன்று. அமாகர் என்பது தலைநகரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்ட ஒரு தீவு. பழைய காலத்தில் நகரத்து மலக்கூடங்களின் கழிவு இத்தீவில்தான் கொண்டுவந்து கொட்டப்பட்டது என்பதால், டெனிஷ் மக்கள் அதற்கு "மலத்தீவு" என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தனர். நகரம் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வந்து சேரும் இடமாக நெடுங்காலம் இருந்த மண்ணில்தான் இந்தக் குன்று நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அதன்மேல் மக்களை ஏற்றிவைக்கும் எண்ணம் இங்குள்ளவர்களுக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்பது விளங்கும்.

அவ்விடத்தில் 1970 முதல் ஒரு பழைய எரிஆலை இயங்கிவந்தது. கொப்பன்கேகன், பிரெடெரிக்ஸ்பெர்க் உள்ளிட்ட ஐந்து மாநகரசபைகளுக்குச் சொந்தமான ஏ.ஆர்.சி. என்னும் கழிவு நிறுவனம், அதற்குப் பதிலாகப் புதிய ஆலை ஒன்றைக் கட்ட முடிவுசெய்து, அதன் வடிவமைப்புக்கு ஒரு போட்டி நடத்தியது. எப்படியும் நகரின் நடுவிலிருந்து பார்த்தாலே தெரியப்போகிற ஒரு பெரும் பெட்டியை அழகான போர்வையால் மூடித்தருமாறு கேட்டால் ஏனையோர் போர்வையைத்தான் வரைவார்கள். இங்கெல்ஸ் குழுவினர் வேறு விதமாக யோசித்தனர். எரிஆலைக்குள் இருக்கும் எந்திரங்கள் எல்லாம் ஒரே உயரமானவை அல்ல. கொதிகலன் மிக உயரமானது, மற்றவை ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை. அவற்றை உயர வரிசையில் நிறுத்திவிட்டால் கூரை தானாகவே சரிவாகிவிடுகிறது. ஆகவே உங்கள் ஐயத்துக்கு என் பதில், அந்தச் சரிவு ஒப்பனை அன்று என்பதே. எந்திரங்களின் மேல் நேராக ஒரு துணியை விரித்தால் எப்படி விழுமோ அப்படித்தான் அக்கூரை விழுந்திருக்கிறது.

டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடே கடல் மட்டத்திலிருந்து 171 மீற்றரைத் தொடாது. குளிர்காலத்தில் பனி கொட்டும், ஆனால் சறுக்குவதற்கு மலை கிடையாது. சறுக்க விரும்புகிறவர்கள் சுவீடனுக்கும் நோர்வேக்கும் போகிறார்கள். அப்படிப்பட்ட தட்டையான நாட்டில் 85 மீற்றர் உயரமுள்ள ஒரு குன்று என்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. சறுக்குப் பாதை ஏறத்தாழ 400 மீற்றர் நீளம். அதில் பனி இல்லை. பச்சை நிறத்தில் தூரிகை மயிர் போன்ற பிளாஸ்ரிக் விரிப்புப் பரப்பியிருக்கிறார்கள். விழுந்தால் தோல் உரியும் என்பதால் கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் பிள்ளைகளை விடவேண்டும். சறுக்குவதற்குக் கட்டணம் உண்டு. கால்நடையாக ஏறி இறங்குவதற்கு இல்லை. நான் எப்போதும் இலவசப் பக்கத்தைச் சேர்ந்தவன்.

மேலே காற்று ஆளைத் தள்ளும். கடலுக்குள் 2000ஆம் ஆண்டில் நட்ட இருபது காற்றாலைகள் வில்போல வளைந்து நிற்பதும், அதே ஆண்டில் திறந்த சுவீடன் பாலமும் தெரியும். குப்பை வாசனை எனக்கு மேலே ஒருமுறையும் தெரிந்ததில்லை. கீழே லொறிகள் வந்துபோகும் பக்கத்தில் நின்றால்தான், இது என்ன இடம் என்பது நினைவுக்கு வரும். கண்ணாடி மின்தூக்கியில் ஏறினால் இடையில் ஆலையின் உட்புறம் தெரிகிறது, வெள்ளிக் குழாய்களும் படிக்கட்டுகளும் நிறைந்த அந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு என் மூத்த பேரன், "எங்கள் வீட்டுக் குப்பை இப்போது எந்தக் குழாயில் இருக்கிறது?" என்று கேட்டான். வியன்னா ஆலையைப் பார்த்து ஒரு பிள்ளை அப்படிக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

பதில் 2
எழுதியவர்: கொதிகலன்_பொறியாளர், சென்னை

ஆசிரியர் கேட்ட பாதுகாப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். எரிஆலைகளில் நேரடியாகப் பணிபுரிந்தவன் இல்லை என்றாலும், கரும்புச் சக்கையையும் மரத்தூளையும் எரிக்கும் கொதிகலன்களோடு இருபது ஆண்டுகள் கழித்தவன். தத்துவம் ஒன்றுதான், எரிபொருள்தான் முரட்டுத்தனமானது.

மேலே நாற்றம் இல்லை என்று டென்மார்க் ஐயா எழுதியதற்குக் காரணம் மிக எளிமையானது. உலைக்குத் தேவையான காற்றை, குப்பை கொட்டப்படும் பெரும் கிடங்கிலிருந்தே உறிஞ்சி எடுக்கிறார்கள். அதனால் கிடங்கின் உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்; கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. நாற்றமும் அதனோடு உள்ளே போய் உலையில் எரிந்துவிடும். உலை நின்றுவிட்ட நாளில்தான் சோதனை.

கிடங்கிலிருந்து கிரேன் அள்ளிப் போடும் குப்பை, சாய்வாக நகரும் இரும்புத் தட்டுகளின் மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டே காய்ந்து, எரிந்து, சாம்பலாக மறுமுனையில் விழுகிறது. ஐரோப்பிய விதிப்படி, எரிந்த வாயு குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் இரண்டு விநாடிகளாவது இருந்தாக வேண்டும். டையாக்சின் போன்ற நச்சுகளை உடைப்பதற்கான ஏற்பாடு அது. பிறகு வாயு குளிரும்போது அதே நச்சுகள் மறுபடி உருவாகக்கூடும் என்பதால், கரித்தூள், சுண்ணாம்பு, வடிகட்டிப் பைகள், நீர்த் தெளிப்பு, நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு அம்மோனியாவோடு கூடிய வினையூக்கி என்று வரிசையாகக் கழுவிய பின்னரே புகைபோக்கிக்கு அனுப்புகிறார்கள். புகைபோக்கியின் வாய் ஏறத்தாழ 124 மீட்டர் உயரத்தில், அதாவது கூரையின் உச்சியில் நிற்பவரின் தலைக்கும் வெகு மேலே இருக்கிறது. படங்களில் வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பகுதி நீராவி. கூரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருபவருக்கு, நம் ஊரில் தெருமுனையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தும் குவியலின் அருகே ஐந்து நிமிடம் நிற்பவரைவிடப் பன்மடங்கு குறைவான ஆபத்தே இருக்கும் என்பது என் துணிபு. நச்சு மாயமாகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில்தான் அது திரள்கிறது. டென்மார்க்கின் எரிஆலைகளிலிருந்து அத்தகைய சாம்பல் நார்வேயில் உள்ள லாங்கோயா என்னும் தீவின் பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குக் கப்பலில் போயிருக்கிறது. அங்கே யாரும் சறுக்கி விளையாடுவதில்லை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். இந்த ஆலையின் திறன் 107 சதவீதம் என்று சில இடங்களில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உங்கள் மாணவர்கள் சிரிக்கக்கூடும். நூறுக்கு மேல் திறன் எப்படி வரும்? கணக்கு எழுதும் முறையில் வருகிறது. குப்பையில் உள்ள ஈரம் ஆவியாகிப் புகையோடு போய்விடும் என்று முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் எரிபொருளின் வெப்ப மதிப்பை எழுதுகிறோம். அமாகர் பக்கேவிலோ, வீடுகளைச் சுற்றிவிட்டுக் குளிர்ந்து திரும்பி வரும் நீரைக்கொண்டு அந்தப் புகையைக் குளிர்வித்து, ஆவியை மறுபடி நீராக்கி, போய்விட்டதாகக் கழித்த வெப்பத்தையும் திரும்பப் பிடித்துவிடுகிறார்கள். வராக்கடன் என்று தள்ளுபடி செய்த தொகை வசூலானது போல.

இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் மணிக்கு 35 டன் வரை விழுங்கும். கிலோவுக்கு 10 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டாலே, இரண்டும் சேர்ந்து 194 மெகாவாட் வெப்பம் வருகிறது. நீராவி 440 டிகிரி, 70 பார் அழுத்தம். நிலக்கரி நிலையங்களில் 540 டிகிரி எல்லாம் சாதாரணம். இங்கே குறைத்து வைத்திருப்பதற்குக் காரணம், குப்பையில் வரும் உப்பும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் தரும் குளோரின், அதற்கு மேல் சூடேற்றினால் குழாய்களை அரித்துத் தின்றுவிடும். தேவைக்கேற்ப மின்சாரத்தைப் பூஜ்யத்திலிருந்து 63 மெகாவாட் வரையும், வெப்பத்தை 157 முதல் 247 மெகாவாட் வரையும் மாற்றி மாற்றித் தரும் வகையில் ஆலையை அமைத்திருக்கிறார்கள். எண்களைக் கவனியுங்கள்: மின்சாரம் உச்சத்தில் இருக்கும்போதுகூட வெப்பமே அதைவிட இரண்டரை மடங்கு. ஆகவே அதை மின்நிலையம் என்று அழைப்பது பாதி உண்மைதான். கோபன்ஹேகன் வீடுகளில் ஏறத்தாழ 98 சதவீதம், தெருவுக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களால் சூடேறுகின்றன. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டபின் 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்து, நாடு முழுவதும் முறையாகப் பரப்பிய வலை அது. அதற்கும் வெகு முன்பே, 1903இல், பிரெடெரிக்ஸ்பெர்க்கில் குப்பையை எரித்து அருகிலிருந்த மருத்துவமனைக்கு வெப்பம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழாய்வலை இல்லாவிட்டால் 107 இல்லை.

நம் நாட்டோடு இதற்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1987இல் டெல்லி திமார்பூரில், வோலுண்ட் என்னும் டென்மார்க் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் எடுக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். சில வாரங்கள்தான் ஓடியது. டெல்லிக் குப்பையில் ஈரமும் மண்ணுமே மிகுந்திருந்ததால், தன்னைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குக்கூட அதில் சூடு இல்லை. அமாகர் பக்கேவின் உலைகளைச் செய்து கொடுத்ததும் அதே வோலுண்ட் மரபில் வந்த நிறுவனம்தான். எந்திரம் செய்தவர் அவரே, எரிபொருள்தான் வேறு.

பதில் 3
எழுதியவர்: மட்கும்_மட்காத, மதுரை

மேலே எழுதிய இருவரின் பதில்களையும் மிகவும் விரும்பிப் படித்தேன். ஆனால் மாணவரின் இரண்டாவது கேள்வியை இருவருமே தொடவில்லை; அந்தத் தம்பி கேட்டதுதான் இந்த விவகாரத்தின் கருப்பொருள் என்று நினைக்கிறேன். நான் திடக்கழிவு மேலாண்மையில் தன்னார்வலராக இருப்பவன். டென்மார்க்கை நேரில் பார்த்ததில்லை. அந்நாட்டுக் கழிவுக் கொள்கையைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன்.

எரிஆலை என்பது தீராப் பசி கொண்ட விலங்கு. ஆண்டுக்கு 4 லட்சம் டன் எரிப்பதற்கு என்று திட்டமிட்டு, ஏறத்தாழ 400 கோடி டேனிஷ் குரோனர் செலவில் ஓர் ஆலையைக் கட்டிவிட்டால், கடன் தீரும் வரை அந்த அளவுக்குக் குப்பை வந்துகொண்டே இருந்தாக வேண்டும். இது கட்டியபிறகு கண்டுபிடித்த குறை அன்று. கட்டுவதற்கு முன்பே, 2012இல், கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கலாமா என்று கோபன்ஹேகன் மாநகர அவையிலேயே பெரும் சண்டை நடந்தது. இவ்வளவு பெரிய ஆலை தேவையில்லை, மறுசுழற்சி பெருகினால் உலை காலியாகக் கிடக்கும் என்பதே எதிர்த்தவர்களின் வாதம். முதலில் மறுத்த மாநகரம் பிறகு இணங்கியது. அவர்கள் அஞ்சியது போலவே, உள்நாட்டுக் குப்பை போதாமல் பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து குப்பையைக் கப்பலில் வரவழைத்து எரிக்கும் நிலை வந்தது. ஆகவே, "குப்பை குறைந்துவிட்டால் என்ன செய்வார்கள்?" என்ற கேள்விக்கு நடைமுறையில் கிடைத்த பதில், "பக்கத்து நாட்டுக் குப்பையை வாங்குவார்கள்" என்பதுதான். மாணவரிடம் அப்படியே சொல்லலாம்.

இறக்குமதியில் ஒரு நியாயம் இருப்பதாகச் சொல்வோரும் உண்டு. பிரிட்டனில் மண்ணில் புதைத்திருந்தால் அது மீத்தேனாக வெளியேறியிருக்கும், இங்கே எரிந்தால் வீடாவது சூடாகிறதே என்பார்கள். எரிக்கத் தகுந்த குப்பையைப் புதைப்பதை 1997இலேயே தடைசெய்த நாடு என்ற முறையில் டென்மார்க் அப்படிச் சொல்வதில் ஒரு பெருமிதம் தொனிக்கும். ஆனால் குப்பையில் உள்ள பிளாஸ்டிக் என்பது எண்ணெயின் மறு உருவம். அதை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். நடுவில் ஒருமுறை புட்டியாகவோ பையாகவோ இருந்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவே. வடிகட்டிகள் டையாக்சினைப் பிடிக்கும், கந்தகத்தைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது.

இது எங்கே போய் முடிந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையின் மிகக் கனமான பகுதி. 2025க்குள் கரியமில வாயுச் சமநிலையை எட்டும் முதல் தலைநகரம் ஆவோம் என்று கோபன்ஹேகன் 2012இல் திட்டம் போட்டது. காற்றாலை, மிதிவண்டி, குழாய் வெந்நீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபிறகும் எஞ்சி நின்ற பெரிய பாக்கி, இந்த ஆலையின் புகை. ஆகவே புகைபோக்கியிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் கருவியை நிறுவுவது என்று ஏ.ஆர்.சி. முன்வந்தது. அதற்கான அரசு நிதிக்குப் போட்டியிட வேண்டுமானால் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட அளவு சொந்த முதல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதனால் நிறைவேற்ற முடியவில்லை. 2022 ஆகஸ்டில், 2025 இலக்கை எட்ட முடியாது என்று நகரம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பசுமைக்கு அடையாளமாக உலகமே படம் எடுத்துப் போட்ட அதே குன்றுதான், நகரத்தின் பசுமைக் கணக்கு நேராகாமல் போனதற்கும் முக்கியக் காரணம் ஆனது.

இதற்கிடையில் டேனிஷ் நாடாளுமன்றக் கட்சிகள் 2020 ஜூனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, நாட்டின் எரிக்கும் திறனை 2030க்குள் 30 சதவீதம் குறைப்பது என்றும், வீடுகளில் குப்பையைப் பத்து வகைகளாகப் பிரிப்பது என்றும் முடிவெடுத்தன. ஒரு நாடே தன்னிடம் உலைகள் அதிகம் என்று சொல்லும் காலத்தில்தான், நாம் அதன் மிகப் பெரிய உலைகளில் ஒன்றின் கூரையைப் பார்த்து மெய்மறந்து நிற்கிறோம். கூரை மோசமானது என்று நான் சொல்லவில்லை. நாட்டில் ஏராளமான பூங்காக்களைவிட அது நன்றாகவே இருக்கிறது என்று படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தக் கூரை அவ்வளவு அழகாக இருப்பதால்தான், அதன் கீழே எத்தனை டன் உலை வேண்டும் என்ற கேள்வி சபையேறாமல் போகிறது என்பதே என் மனக்குறை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: வரைபட_வாத்தியார், கோவை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எந்திரங்களை உயர வரிசையில் நிறுத்தியதால் வந்த சரிவு என்ற ஒரு வரிக்காகவே இந்தக் கேள்வியைக் கேட்டது பயனுடையதாயிற்று; அடுத்த வகுப்பில் படத்தைக் காட்டாமல், வெட்டுமுகத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்து, எந்திரங்களின் உயரங்களைக் கொடுத்து, கூரையை மாணவர்களையே போடச் சொல்லப்போகிறேன்.

மதுரை நண்பர் எழுதியதைப் படித்தபின் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து வளையம் வளையமாக ஆவி விடுவார்கள் என்றும், ஒவ்வொரு வளையமும் இவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்று ஊருக்கு எண்ணிக் காட்டும் என்றும் பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றில் படித்த நினைவு. கூரை எதையோ மறைக்கிறது என்று சொல்பவர்களுக்கு அதுதானே நேரான பதிலாக இருந்திருக்கும்? அது நடைமுறைக்கு வந்ததா?

பதில் 4
எழுதியவர்: வடகடல்_வாசி, டென்மார்க்

அந்த வளையங்களை நாங்களும் ஆவலோடு எதிர்பார்த்தோம். பெர்லினைச் சேர்ந்த ரியாலிட்டீஸ் யுனைடெட் என்னும் கலைக்குழுவோடு இங்கெல்ஸ் நிறுவனம் சேர்ந்து முன்வைத்த யோசனை அது. தொடக்கத்தில் ஒரு தொன் கரியமில வாயுவுக்கு ஒரு வளையம் என்றார்கள், 2015இல் மாதிரிக் கருவி செய்வதற்கு இணையத்தில் மக்களிடம் பணமும் திரட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பறைச் சன்னலிலிருந்து எண்ணலாம் என்று எங்கள் வீட்டிலும் பேசிக்கொண்டோம். ஆலை ஓடத் தொடங்கியது, கூரை திறந்தது, வளையம் மட்டும் வரவில்லை. சாதாரண வெள்ளை ஆவிதான் போகிறது.

மதுரைத் தம்பி எழுதிய பணக்கணக்கில் ஒரு சிறு திருத்தத்தையும் சேர்த்துவிடுகிறேன். சறுக்குத் தளமும் ஏறுசுவரும் குப்பைக் கட்டணத்திலிருந்து கட்டப்பட்டவை அல்ல. பொழுதுபோக்குப் பகுதிக்கென்று தனியாக ஓர் அறக்கட்டளையை அமைத்து, நன்கொடையும் பங்களிப்பும் திரட்டிக் கட்டினார்கள். ஆலை எரியத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் வெறும் சரிவாகவே நின்றுவிட்டு, பிறகே அக்கூரை திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நாங்கள் வீதியில் நின்று அண்ணாந்து பார்த்து, இது எப்போது திறக்கும் என்றுதான் கேட்டோமே தவிர, உள்ளே எவ்வளவு எரிகிறது என்று கேட்டதில்லை. அவ்வகையில் தம்பியின் மனக்குறை எனக்கும் பொருந்தும்.

பதில் 5
எழுதியவர்: கொதிகலன்_பொறியாளர், சென்னை

மதுரை நண்பரின் வாதத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். பசி என்று அவர் சொல்வது உலையின் குணமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது கடனின் குணம். இரண்டு உலைகளில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை மட்டும் ஓட்ட முடியும். பராமரிப்புக்காக ஆண்டுதோறும் அப்படித்தான் மாறி மாறி நிறுத்துவார்கள். கொதிகலனுக்கு அதில் வருத்தம் கிடையாது, தவணை கட்ட வேண்டியவருக்குத்தான் வருத்தம்.

ஆகவே அந்த மாணவருக்கு நான் பதில் எழுதினால் இப்படி எழுதுவேன்: குப்பை குறைந்தால் குன்றுக்கு ஒன்றும் ஆகாது, அது எஃகுச் சட்டகத்தின் மேல் நிற்கிறது, உலையின் மேல் நிற்கவில்லை, ஒரு நாள் எந்திரங்களைப் பிரித்து எடுத்துவிட்டாலும் மேலே நடப்பவர் நடக்கலாம். சிக்கல் குழாய்களில்தான் வரும். ஜனவரி மாதத்தில் அந்த 247 மெகாவாட் வெப்பத்தை வேறு எங்கிருந்து எடுப்பது என்பதற்கு விடை கிடைக்கும்வரை, கடலிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வெப்பம் எடுக்கும் பெரிய வெப்ப இறைப்பிகள் அந்த அளவுக்கு வளரும்வரை, அந்த உலையை அணைக்க நகரம் தயங்கும். வெட்டுமுகம் வரையச் சொல்லும்போது, தரைக்குக் கீழே போகும் அந்த இரண்டு குழாய்களையும், ஒன்று சூடாகப் போவதையும் மற்றொன்று ஆறித் திரும்புவதையும், சேர்த்து வரையச் சொல்லுங்கள். பத்திரிகைப் படங்கள் எதிலும் அவை தெரிவதில்லை.